கார்புரேட்டரைக் கடைசியாகத் தொடுங்கள்: தாத்தாவின் எக்ஸ்.எல். சூப்பருக்கு ஒரு பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன். நான் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் பின்னால் எழுதுவதெல்லாம் வீண்.

தாத்தாவின் டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் மொபெட், 2010 மாடல். அவர் போன பிறகு உசிலம்பட்டிப் பக்கம் தோட்டத்து மாட்டுக்கொட்டகையில் ஒன்றரை வருஷம் சும்மா நின்றது. இப்போது எடுத்து ஓட்டப் பார்க்கிறீர்கள். பதினைந்து இருபது கிக் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது. ஏழெட்டுக் கிலோமீட்டர் போனதும் தானாக நின்றுவிடுகிறது, கால் மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்புகிறது. ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு ஏற முடியவில்லை. புகை அதிகம். உள்ளூர் மெக்கானிக் புது கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் சாமான்), போர் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைவது), பிஸ்டன் எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ஆகும் என்கிறார். வீட்டிலேயே ட்யூன் பண்ண முடியுமா, கார்புரேட்டர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திருக வேண்டும் என்பது உங்கள் கேள்வி.

வீட்டிலேயே முடியும். ஆனால் ஸ்க்ரூவைப் பற்றிய கேள்விதான் இதில் கடைசிக் கேள்வி. மதுரை செல்லூரில் சித்தப்பாவின் பட்டறையில் ஒன்பது வருஷம் இருந்தவன் நான். இப்போது பிழைப்பு வேறு, வீட்டில் ஒரு எக்ஸ்.எல். மட்டும் மிச்சம். வந்த வண்டியில் முதலில் கார்புரேட்டர் பக்கம் ஸ்க்ரூ டிரைவரை நீட்டினால் சித்தப்பா புறங்கையில் ஸ்பேனரால் ஒரு தட்டுத் தட்டுவார். “நல்லா ஓடிக்கிட்டு இருந்த வண்டியில அந்த ஸ்க்ரூ தானா சுத்திக்கிச்சாடா?” என்பார். யோசித்துப் பாருங்கள். தாத்தா ஓட்டும்போது சரியாக இருந்த ஜெட்டும் (பெட்ரோல் போகும் துளையுள்ள பித்தளைத் திருகு) நீடிலும் (பெட்ரோலை அளந்து விடும் ஊசி) ஸ்க்ரூவும் கொட்டகையில் நின்றபடியே இடம் மாறியிருக்காது. மாறியது வேறு ஏதோ. அதைக் கண்டுபிடிக்காமல் ஸ்க்ரூவைத் திருகினால் இரண்டு தப்பு சேர்ந்து ஒரு சரி போலத் தெரியும். ஒரு வாரம் ஓடும், அப்புறம் பிஸ்டன் சூட்டில் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும்.

உங்கள் வண்டியில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், நான்கு ஸ்ட்ரோக்கில் உள்ளது போல சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள ஓட்டைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. பிஸ்டன் மேலே போகும்போது அதன் அடியில், கிராங்க் இருக்கும் அறைக்குள், பெட்ரோல் கலந்த காற்று உறிஞ்சப்படுகிறது. கீழே வரும்போது அதே காற்று நெருக்கப்பட்டு மேலே சிலிண்டருக்குள் பாய்ந்து, எரிந்த புகையைச் சைலன்சருக்குத் தள்ளுகிறது. அதாவது இன்ஜினின் அடிவயிறு ஒரு காற்றுப் பம்பு. நான்கு ஸ்ட்ரோக் வண்டியில் பெரிதாகத் தெரியாத இரண்டு விஷயம் இதில் உயிர்நாடி ஆகிவிடுகிறது: புகை போகும் வழி திறந்திருக்க வேண்டும், பம்புக்குள் கார்புரேட்டர் வழியாக வராத கள்ளக் காற்று புகக் கூடாது.

அதனால் வேலையைப் பின்னாலிருந்து ஆரம்பிக்கிறேன். சைலன்சர்.

கொட்டகையில் நின்ற வண்டி என்றதும் எனக்கு ஞாபகம் வந்தது குளவி. பட்டறைக்கு வந்த இரண்டாம் வருஷம், சோழவந்தான் பக்கமிருந்து ஒரு பால்காரர் இதே மாதிரி நிறுத்தி வைத்திருந்த வண்டியைக் கொண்டுவந்தார். ஸ்டார்ட் ஆகும், ஆக்ஸிலரேட்டரைத் திருகினால் மூச்சுத் திணறி நிற்கும். சித்தப்பா ஊரில் இல்லை. நான் கார்புரேட்டரை மூன்று முறை கழற்றி மாட்டினேன், பிளக் மாற்றினேன், கடைசியில் ஜெட்டையே மாற்றினேன். நாலாம் நாள் சித்தப்பா வந்தார், ஒரு கம்பியை எடுத்துச் சைலன்சர் வாயில் விட்டு ஆட்டினார். கொட்டியது மண். குளவி உள்ளே கூடு கட்டிக் குஞ்சு பொரித்துப் போயே போய்விட்டது. நாலு நாள் கூலி எனக்குக் கிடைக்கவில்லை என்பது தனிக்கதை.

எனவே முதல் வேலை, சைலன்சரின் பின்வாயில் டார்ச் அடித்துப் பார்ப்பது. இன்ஜின் ஓடும்போது வாய்க்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி உள்ளங்கையைக் காட்டுங்கள். புகை பட்பட்டென்று கையில் அடிக்க வேண்டும். சோம்பலாகக் கசிந்தால் அடைப்பு. குளவி இல்லாவிட்டாலும் கரி இருக்கும். எண்ணெய் எரிந்த கரி சைலன்சருக்குள்ளும், சிலிண்டரில் புகை வெளியேறும் ஓட்டையின் விளிம்பிலும், இட்லிக் கொப்பரை அடியில் கறை ஏறுவது போல வருஷக்கணக்கில் ஏறும். ஓட்டையின் அளவே சுருங்கிவிடும். ஏற்றத்தில் இழுவை இல்லாமல் போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

இன்ஜினோடு சேரும் இடத்திலும் சேஸில் பிடித்திருக்கும் இடத்திலும் நட்டுகளைக் கழற்றினால் சைலன்சர் கையோடு வந்துவிடும். துருப்பிடித்திருந்தால் முந்தின நாள் இரவே எண்ணெய் விட்டு ஊற வையுங்கள், முரட்டுத்தனமாகத் திருகி ஸ்டட்டை முறித்துவிடாதீர்கள். பின்பக்கக் குழல் தனியாகக் கழலும் வகையானால் அதை எடுத்துச் சுரண்டுங்கள். பட்டறையில் நாங்கள் காஸ்டிக் சோடாக் கரைசலை ஊற்றி இரவு முழுக்க ஊற வைப்போம். அது இரும்புச் சைலன்சருக்கு மட்டும்தான். அலுமினியத்தில் பட்டால் அரித்துவிடும், கண்ணில் பட்டால் கண் போய்விடும், சோடாவில் தண்ணீர் ஊற்றாமல் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். இவ்வளவு ஜாக்கிரதை வேண்டிய வேலையை வீட்டில், அதுவும் மாடு கன்று நடமாடும் இடத்தில் செய்யச் சொல்ல எனக்கு மனசில்லை. கம்பியால் சுரண்டித் தட்டிக் கொட்டினாலே பாதிக்கு மேல் வந்துவிடும். கழற்றிய சைலன்சரை உடனே திருப்பி மாட்டாதீர்கள். அந்த ஓட்டை வழியாகப் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, பின்னால் சொல்கிறேன்.

அடுத்து டேங்க். அதில் இருந்த பழைய பெட்ரோலிலேயே புதுசையும் ஊற்றி ஓட்டுகிறீர்கள் என்று நினைக்கிறேன், இல்லையா? முழுக்க வடித்துவிடுங்கள். ஒன்றரை வருஷம் நின்ற பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டிருக்கும். பதினைந்து கிக்குக்கு அதுவே போதும். இன்னொன்று, நம் பெட்ரோலில் இப்போது எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தைக் குடிக்கும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோலில் கலந்து ஊற்றும் 2டி ஆயில் அந்த அடித்தண்ணீரில் கரையாது, மேலே பெட்ரோலோடு நின்றுகொள்ளும். பெட்ரோல் டேப் எங்கிருந்து எடுக்கிறது? அடியிலிருந்து, முக்கியமாக ரிசர்வில் போட்டால். இன்ஜினுக்கு எண்ணெயே இல்லாத ஒரு மடக்கு போய்ச் சேரும். வடித்ததை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துக் கால் மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் நான் சொன்னதை நேரில் பார்த்துவிடுவீர்கள். துரு மண்டியிருந்தால் கொஞ்சம் புதுப் பெட்ரோல் விட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். இரண்டு மூன்று முறை. பீடி, சாமி விளக்கு, கேஸ் அடுப்பு எதுவும் பக்கத்தில் கூடாது. திறந்த வெளியில், பகலில் செய்யுங்கள்.

ரப்பர் டியூபை நகத்தால் அழுத்திப் பாருங்கள். விறைத்திருந்தாலோ வெடித்திருந்தாலோ மாற்றுங்கள், சில்லறைக் காசுதான்.

எண்ணெய் அளவு பற்றி. தாத்தா கண் அளவில் ஊற்றுவார், “கூடப் போனா இன்ஜினுக்கு நல்லது” என்பார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தத் தலைமுறையே அப்படித்தான். கூடப் போனால் புகையும் கரியும் கூடும், பிளக் கறுக்கும், சைலன்சர் அடைக்கும். அது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று: ஜெட் வழியாக ஒரு நேரத்தில் இவ்வளவுதான் போகும். அதில் எண்ணெய் அதிகம் என்றால் பெட்ரோல் குறைவு. எண்ணெயை அள்ளி ஊற்றினால் கலவை பெட்ரோல் பஞ்சத்துப் பக்கம் நகர்ந்து இன்ஜின் சூடேறும். நான் ஊற்றுவது லிட்டருக்கு 20 மில்லி, அதாவது நூற்றுக்கு இரண்டு. உங்கள் வண்டிப் புத்தகம் இருந்தால் அதில் உள்ளதே சட்டம். மருந்துக் கடையில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வண்டிப் பெட்டியில் போட்டுவிடுங்கள். எண்ணெயை டேங்கில் தனியாக ஊற்றிவிட்டு வண்டியை ஆட்டுவதைவிட, ஒரு பாட்டிலில் பெட்ரோலோடு குலுக்கி ஊற்றுவது நல்லது. நான்கு ஸ்ட்ரோக் வண்டி ஆயிலை அவசரத்துக்குக்கூட ஊற்றாதீர்கள். அது எரிவதற்காகச் செய்த எண்ணெய் அல்ல.

இப்போது ஏழெட்டுக் கிலோமீட்டரில் நிற்பதற்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் இதற்கு இரண்டே சந்தேக ஆட்கள். ஒருவன் டேங்க் மூடி, இன்னொருவன் பிளக்குக்குப் பொறி மின்சாரம் தரும் காயில்.

டேங்க் மூடியில் காற்று புக ஒரு நுண்ணிய வழி உண்டு. தூசி, துரு, எண்ணெய்ப் பிசுக்கு சேர்ந்து அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, ஒரு கட்டத்தில் பெட்ரோல் இறங்காது. பாட்டிலை அப்படியே கவிழ்த்தால் களக் களக்கென்று தயங்கித் தயங்கி வருவதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். கால் மணி நேரம் நின்றால் எப்படியாவது கொஞ்சம் காற்று உள்ளே போய்விடும், வண்டி கிளம்பும். அடுத்த முறை நின்றதும் முதல் காரியமாக மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று சத்தம் வந்து, உடனே கிக்கில் கிளம்பினால் ஏழாயிரம் ரூபாய் வியாதிக்கு வைத்தியம் ஒரு குண்டூசி.

கிளம்பவில்லையா? அதே இடத்தில், சூடு ஆறுவதற்குள், பிளக்கைப் பாருங்கள். பிளக் ஸ்பேனரும் ஒரு புதுப் பிளக்கும் பெட்டியில் இருக்கட்டும். புதுப் பிளக்கைத் தொப்பியில் செருகி, அதன் உலோக உடம்பு சிலிண்டர் ஹெட்டில் நன்றாகத் தொடும்படி வைத்துக் கிக் அடியுங்கள். பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வையுங்கள், அங்கிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும், பற்றிக்கொள்ளும். பிளக்கை எங்கும் தொடாமல் அந்தரத்தில் தொங்கவிட்டு அடிக்காதீர்கள். மின்சாரம் போக வழியில்லாமல் காயிலின் உள்காப்பையே உடைக்கும். நீலமாக, படீரென்று பொறி வந்தால் சரி. ஆரஞ்சு நிறத்தில் மெலிந்து வந்தாலோ வராமலே போனாலோ, ஆறிய பிறகு நன்றாக வந்தால், சூட்டில் சாகும் காயிலோ, பொறி வரும் நேரத்தைக் கவனிக்கும் சி.டி.ஐ. பெட்டியோதான். சித்திரை வெயிலில் இந்த நோய் அதிகம் தலைகாட்டும். ஆனால் அவற்றை மாற்றுவதற்கு முன் பிளக் தொப்பி, வயர், சுவிட்சுக்குப் போகும் வயர், இன்ஜினுக்கும் சேஸுக்கும் உள்ள எர்த் இணைப்பு எல்லாவற்றையும் சுத்தம் செய்து பாருங்கள். கொட்டகை ஈரத்தில் பச்சை பூத்திருக்கும். எலி கடித்த வயரும் நான் பார்த்திருக்கிறேன்.

கழற்றிய பழைய பிளக்கை எறியாதீர்கள். அதன் முகத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பாதி மெக்கானிக். டிகிரி காபி நிறத்தில் இருந்தால் நலம். ஈரக் கறுப்பாக எண்ணெய் வழிந்தால் 2டி அதிகம் அல்லது பொறி பலவீனம். அடுப்புக்கரி போல உலர்ந்த கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம், அல்லது ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது யாரோ சோக்கை இழுத்தபடியே ஓட்டியிருக்கிறார்கள். வெளுத்துச் சுண்ணாம்பு பூசியது போல இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். பெட்ரோல் போதாமல் இன்ஜின் கொதிக்கிறது என்று அர்த்தம். பிளக் இடைவெளி பொதுவாக 0.6 மில்லிமீட்டர் சுமார் இருக்கும். சரியான எண்ணைப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். புதுப் பிளக் வாங்கும்போது பழையதின் எண்ணைக் காட்டி அதே எண் வாங்குங்கள். நீளமான பிளக் போட்டு பிஸ்டன் மண்டையில் இடித்த கதையும் உண்டு.

ஏர் ஃபில்டரைக் கழற்றும்போது உள்ளே எலிக்கூடு இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். ஃபோமைச் சோப்புத் தண்ணீரில் அலசி, முறுக்காமல் அழுத்திப் பிழிந்து, நிழலில் காயவைத்து, இரண்டு சொட்டு எண்ணெய் தடவிப் பிசைந்து மாட்டுங்கள். அது பொடிந்து உதிர்ந்தால் புதுசு. ‘பிக்கப்’ வரும் என்று ஃபில்டரையே கழற்றிப் போடும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. திருமங்கலம், கள்ளிக்குடி கரிசல் புழுதியில் ஃபில்டர் இல்லாமல் ஓட்டினால் சிலிண்டருக்குள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும் அதுவும் ஒன்றுதான்.

கார்புரேட்டரைத் திருகக் கூடாது என்றேன், கழுவக் கூடாது என்று சொல்லவில்லை. ஒன்றரை வருஷம் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி, கார்புரேட்டர் அடியில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணத்தில் பழுப்புப் பிசின் படிந்திருக்கும். ஒவ்வொரு திருகைக் கழற்றும் முன்னும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் வெள்ளைத் துணி விரித்து அதன் மேல் வேலை செய்யுங்கள், சின்னச் சாமான்கள் துள்ளி மண்ணில் விழுந்தால் கிடைக்காது. பக்கவாட்டில் உள்ள காற்றுக் கலவை ஸ்க்ரூவைக் கழற்றும் முன், மெதுவாக உள்ளே திருகி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணிக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். தாத்தா காலத்து அளவு அது, பிற்பாடு பொன்னான தகவல்.

கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் ஃப்ளோட்டைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள். உள்ளே பெட்ரோல் சத்தம் கேட்டால் ஓட்டை, மாற்ற வேண்டும். அதன் ஊசி முனையில் வளையமாகத் தேய்மானம் இருந்தால் ஓவர்ஃப்ளோ ஆகும். ஜெட்டுகளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சுத்தமான வட்டம் தெரிய வேண்டும். ஐட்லிங்குக்குப் பெட்ரோல் விடும் ஸ்லோ ஜெட்டின் துளை மயிரிழைதான். கிக் அடிப்பது கஷ்டமாவதற்கு அதில் ஒரு துணுக்கு போதும். இரும்புக் கம்பியோ ஊசியோ விட்டுக் குத்தாதீர்கள், பித்தளை பெரிதாகிவிடும். மின்வயரில் உள்ள மெல்லிய செம்பு இழை ஒன்று போதும், அப்புறம் சைக்கிள் பம்பால் ஊதுங்கள். சில சின்னக் கார்புரேட்டர்களில் ஸ்லோ ஜெட் தனியாகக் கழலாது. அப்போது கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்து எல்லாத் துளைகளிலும் ஊதிவிடுவதுதான் வழி. கண்ணாடி போட்டுக்கொண்டு ஊதுங்கள், ஒரு துளையில் விட்டது இன்னொன்றில் வந்து கண்ணில் அடிக்கும்.

திரும்ப மாட்டும்போது கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் உள்ள கேஸ்கெட்டும் ரப்பரும் முக்கியம். கள்ளக் காற்று புகும் முதல் வாசல் அதுதான். வெடிப்பு இருந்தால் கம் போட்டு ஒட்டாமல் மாற்றுங்கள். ஓடும்போது ஐட்லிங் (ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும் வேகம்) தானாக ஏறி இறங்கினாலோ, ஆக்ஸிலரேட்டரை விட்ட பிறகும் இன்ஜின் கத்திக்கொண்டே இருந்தாலோ, அந்த மூட்டில் கொஞ்சம் 2டி ஆயிலைப் பிரஷ்ஷால் தடவுங்கள். சத்தம் மாறினால் திருடன் அங்கேதான். பெட்ரோலைத் தெளித்துச் சோதிப்பவர்கள் உண்டு. சூடான இன்ஜினில் அந்த விளையாட்டு வேண்டாம்.

இன்னும் இரண்டு வாசல், கிராங்க்கின் இரு பக்கத்து ஆயில் சீல்கள். நின்று போன வண்டியில் இவை காய்ந்து விறைத்துவிடும். மின்சாரம் உண்டாக்கும் மேக்னட் பக்கம் சீல் போனால் காற்று புகும், இன்ஜின் சூடேறும். கிளட்ச் பக்கம் போனால் கிளட்ச் அறை ஆயிலையே இன்ஜின் உறிஞ்சி எரிக்கும். பெட்ரோலும் எண்ணெயும் சரியான அளவில் போட்ட பிறகும் புகை நிற்காமல், கிளட்ச் ஆயில் அளவும் குறைந்துகொண்டே வந்தால் இதைச் சந்தேகப்படலாம். இந்த வேலைக்கு மட்டும் மெக்கானிக்கிடம் போங்கள், மேக்னட் புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டினால் கிராங்க் வளையும்.

சரி, போர் போட வேண்டுமா? சைலன்சரைக் கழற்றி வைத்திருக்கிறீர்கள் அல்லவா, அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெல்ல அமுக்குங்கள். பிஸ்டனின் பக்கவாட்டையும் ரிங்குகளையும் நேரே பார்க்கலாம். டூ ஸ்ட்ரோக்கில் உள்ள பெரிய வசதியே இதுதான், இன்ஜினைத் திறக்காமல் உள்ளே பார்க்கலாம். பிஸ்டன் பளபளவென்று மெல்லிய அழுக்கோடு இருந்தால் பிழைத்தீர்கள். நகம் மாட்டும் அளவுக்கு நெடுக்குக் கோடுகள், உருகித் தேய்த்தது போன்ற அலுமினியத் திட்டுகள், ரிங்குக்குக் கீழே வெகுதூரம் வரை பழுப்புக் கறை இருந்தால் மெக்கானிக் சொன்னது உண்மை. ஓட்டை வழியாகவே ஒரு மரக்குச்சியால் ரிங்கை மெல்ல அழுத்துங்கள். ஸ்பிரிங் போல உள்ளே போய் வர வேண்டும். அசையாமல் நின்றால் கரியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, சிலிண்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து புது ரிங் போட்டாலே போதுமானதாக இருக்கலாம். ஓட்டையின் விளிம்புக் கரியை அந்த மரக்குச்சியாலேயே சுரண்டலாம், பிஸ்டன் ஓட்டையை முழுக்க மூடியிருக்கும் நிலையில். இரும்பு வேண்டாம்.

இது போக, இழுவை இல்லை என்பதை இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். கணவாயில் இன்ஜின் கத்துகிறது, வண்டி மட்டும் நகரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது. இன்ஜினே குரல் இறங்கித் திணறுகிறது என்றால்தான் மேலே சொன்னதெல்லாம். அதற்கும் முன்னால் வண்டியை ஸ்டாண்டில் போட்டுச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். நின்ற வண்டியில் பிரேக் ஷூ துருவில் பிடித்திருக்கும், செயின் கம்பியாக விறைத்திருக்கும். எழுபது சி.சி.க்குச் சற்றுக் குறைவான, மூன்றரை குதிரைசக்தி இன்ஜின் இது, கியர் மாற்றும் வசதியும் இல்லை. பிரேக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டு கணவாய் ஏறச் சொன்னால் பாவம் அது என்ன செய்யும். சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவில் அப்பியிருக்கும் சேற்றையும் வைக்கோலையும் குச்சியால் எடுத்துவிடுங்கள். காற்றால்தான் இந்த இன்ஜின் குளிர்கிறது.

இவ்வளவும் ஆன பிறகு ஸ்க்ரூ. வண்டியை நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். ஆறிய இன்ஜினில் செய்த ட்யூனிங் ஆறிய இன்ஜினுக்கு மட்டும்தான். கார்புரேட்டர் பக்கவாட்டில் பொதுவாக இரண்டு ஸ்க்ரூ இருக்கும். ஒன்று ஆக்ஸிலரேட்டர் தூக்கும் ஸ்லைடைத் தாங்கி நிற்பது, ஐட்லிங் வேகத்துக்கு. இன்னொன்று காற்றுக் கலவைக்கு. கலவை ஸ்க்ரூவைப் பழைய அளவுக்கு வையுங்கள். தெரியாவிட்டால் மெல்ல முட்டும் வரை மூடி ஒன்றரைச் சுற்றுத் திறங்கள், அது தொடக்கப் புள்ளி. அங்கிருந்து கால் சுற்றாக இருபுறமும் திருப்பி, திருப்பியபின் பத்து விநாடி காத்திருந்து, இன்ஜின் வேகம் உச்சத்தில் நிற்கும் இடத்தைப் பிடியுங்கள். அப்புறம் ஐட்லிங் ஸ்க்ரூவைக் குறைத்து, பின்சக்கரம் சுற்றாத அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் மூடினால் பெட்ரோல் கூடும். இன்ஜின் பக்கம் இருந்தால் இதற்கு நேர்மாறு. பலர் சறுக்குவது இங்கேதான். எந்தப் பக்கம் திருப்பியும் இன்ஜினில் ஒரு மாற்றமும் இல்லை என்றால் ஸ்லோ ஜெட் வழி இன்னும் அடைத்திருக்கிறது, திரும்பக் கழற்றுங்கள்.

இந்த ஸ்க்ரூ ஐட்லிங்குக்கும் அதற்குக் கொஞ்சம் மேலேயும் மட்டும்தான் பேசும். பாதி ஆக்ஸிலரேட்டரில் பேசுவது நீடில், முழுசில் மெயின் ஜெட். கணவாய் ஏற்றத்துப் பிரச்சினையை ஸ்க்ரூவில் தீர்க்க முடியாததற்கு அதுதான் காரணம். முழு ஆக்ஸிலரேட்டரைச் சோதிக்க, காலையில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில் ஹெல்மெட்டோடு ஒரு நிமிஷம் முழு வேகத்தில் ஓட்டி, சுவிட்சை அணைத்தபடியே ஆக்ஸிலரேட்டரை மூடி ஓரமாக நிறுத்திப் பிளக்கைப் பாருங்கள். ஐட்லிங்கில் விட்டு நிறுத்தினால் பிளக் பொய் சொல்லும். வெளுப்பாகத் தெரிந்தால் முதலில் கள்ளக் காற்றைத் தேடுங்கள், இல்லையென்று உறுதியான பிறகு, பாதி ஆக்ஸிலரேட்டரில் ஓட்டிப் பார்த்தும் வெளுப்பாகவே இருந்து, நீடிலில் கிளிப் வெட்டுகளும் இருந்தால் கிளிப்பை ஒரு வெட்டுக் கீழே இறக்குங்கள். ஊசி உயர்ந்து பெட்ரோல் கூடும். எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு என் வண்டியில் நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருப்பதால், பழைய ஜெட் அளவுக்குக் கலவை கொஞ்சம் வறண்டுபோகிறது. மெயின் ஜெட்டைத் துளை போட்டுப் பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ஒரு நாளைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியபின் ஓட்டிப் பாருங்கள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஆறையும் மாற்றினால் சரியானது எதனால் என்று தெரியாது, கெட்டதும் எதனால் என்று தெரியாது.

பணம் செலவழிக்கும் முன் ஆர்.சி. புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். பதிவுக்குப் பதினைந்து வருஷம்தான் ஆயுள். 2010 வண்டி என்றால் புதுப்பிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. தாத்தா பெயரில் இருப்பதை மாற்றும் வேலையும் கூடவே இருக்கிறது. இன்ஷூரன்ஸ், புகைச் சான்று எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டு போர் போடுவதைப் பற்றி முடிவு செய்யுங்கள். போர் போடுவதானால் லேத்துக்குப் புதுப் பிஸ்டனைக் கையில் கொடுத்துவிட்டு அதற்குத் தக்கபடி போர் போடச் சொல்லுங்கள்.

அடுத்த முறை மாதக்கணக்கில் நிறுத்த வேண்டி வந்தால் டேப்பை மூடிவிட்டு, கார்புரேட்டரில் உள்ளது தீர்ந்து தானாக நிற்கும் வரை ஓட விடுங்கள். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் ஒரு ஸ்பூன் 2டி ஆயில் விட்டு, சுவிட்சை அணைத்தபடி நாலு முறை மெல்லக் கிக் அடித்துப் பிளக்கைப் போட்டுவிடுங்கள். சைலன்சர் வாயில் துணி அடைக்கலாம், குளவி வராது. சிவப்புத் துணியாக, ஒரு முழம் வெளியே தொங்கும்படி அடையுங்கள். நான் ஒருமுறை கறுப்புத் துணியை அடைத்துவிட்டு மறந்துபோய், அரை மணி நேரம் கிக் அடித்தேன்.